மலையடிவாரத்தில் ஓர் இரவு: தண்ணீரின் கணக்கு

கூடாரம் அடித்த இடத்தில் ஒரு தூறல்கூட இல்லை. தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடக்கிறது. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று கூழாங்கல் பொறுக்குகிறார்கள். அப்படிப்பட்ட நேரத்திலும் ஆறு பெருகிவிடும். மலேசியாவில் இதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். மலைமேல் பெய்த மழை திரண்டு, ஒரே அலையாக இறங்கிவரும் திடீர்ப் பெருக்கு அது.

இதைப் பற்றிப் பேசத் தஞ்சோங் மாலிமைவிடத் தோதான ஊர் கிடைக்காது. கோலாலம்பூரிலிருந்து வடக்கே சுமார் 70 கிலோமீட்டர்; கிள்ளான் துறைமுகத்திலிருந்து வரும் கொமுட்டர் ரயில் இங்கே வந்துதான் நிற்கிறது. ஊரை ஒட்டி ஓடும் பெர்னாம் ஆறுதான் மாநில எல்லை: இக்கரை பேராக், அக்கரை சிலாங்கூர். சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. ஆனால் கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரும் அதன் ஓடைகளும் அப்படியேதான் இருக்கின்றன. பேராங் பக்கம் சுங்கை பில் பொழுதுபோக்குக் காடு போன்ற இடங்களுக்கு விடுமுறையில் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஊர் கடல் மட்டத்துக்குச் சில பத்து மீட்டர் மேலேதான் இருக்கிறது. பெர்னாம் ஆறு பிறக்கும் லியாங் மலையோ 1,900 மீட்டருக்கு மேல். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு உயரம் இறங்கும் தண்ணீர்தான் குளிக்கும் குளிர்ச்சியைத் தருகிறது, ஆபத்தையும் தருகிறது.

குடும்பத்தோடு ஓர் இரவு தங்கும் பயணத்துக்குப் பட்டியல் போடும்போது நாம் எழுதுவதெல்லாம் பாய், போர்வை, டார்ச் லைட், சார்டின் டின். ஆனால் அந்த ஒன்றரை நாளில் சிக்கல் எதுவானாலும் அதைக் கொண்டுவருவது பெரும்பாலும் தண்ணீர்தான். மேகத்தில், மண்ணில், மூச்சில், ஐஸ் பெட்டியில், விறகில் என்று வேறு வேறு உருவத்தில் அது நம்மோடு கூடவே வருகிறது. அதன் போக்கைத் தெரிந்துகொண்டால் பயணத்தின் நேர அட்டவணை தானாகவே அமைந்துவிடும்.

முதலில் மேகம். காலை வெயிலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்ப மலாக்கா நீரிணையிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. மதியத்துக்குள் அது மலைச்சரிவை முட்டி, வேறு வழியில்லாமல் மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது, நீராவி துளியாகிறது. இங்கேதான் ஒரு விந்தை. நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றை மேலும் சூடாக்கி, இன்னும் உயரத்துக்குத் தள்ளும். மேகம் தன் எரிபொருளைத் தானே சுமந்துகொண்டு ஏறுகிறது என்றே சொல்லலாம். இப்படி வளரும் இடிமேகத்தின் உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டும். விமானங்கள் பறக்கும் உயரத்தைவிட அதிகம். இத்தனையும் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையில் நடந்து முடிகிறது. அதனால்தான் மேற்குக் கரையில் இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில் வருகின்றன.

ஆகவே, காலையிலேயே போய்ச் சேர்வதும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கூடாரத்தை அடித்து முடிப்பதும் வெறும் சுறுசுறுப்புக்காக அல்ல. ஆண்டிலும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. பருவக்காற்று திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இந்தப் பக்கம் மழை உச்சத்தில் இருக்கும். ஜூன், ஜூலையும் பிப்ரவரியும் ஒப்பளவில் குறைவு. என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளை முதன்முறை அழைத்துப் போக ஜூன் மாதத்தைத்தான் சொல்வேன்.

இடியின் தூரத்தை அளக்கக் கருவி வேண்டாம். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைத்துவிடும். ஒன்பது எண்ணினால் மூன்று கிலோமீட்டர். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு பிடிக்கும். ஆனால் முப்பதுக்குள் இடி கேட்டால் விளையாட்டை நிறுத்திவிட்டுக் காருக்குள் ஏறிவிட வேண்டும். காரைக் காப்பாற்றுவது ரப்பர் டயர் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. மின்சாரம் உலோகக் கூட்டின் வெளிப்பக்கமாகவே ஓடித் தரையில் இறங்கிவிடுகிறது. உள்ளே இருப்பவரைத் தொடுவதில்லை. கூடாரத்துக்கு அந்தக் கவசம் கிடையாது.

இனி ஆறு. மலையில் ஓடைக்கு மேலே பத்துச் சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீர்ப்பிடிப்பு என்பது எங்கே மழை விழுந்தாலும் கடைசியில் இந்த ஓடைக்கே வந்து சேரும் நிலப்பரப்பு. பால்மரப் பட்டையில் சீவிய சாய்வுக்கோடு மரத்தைச் சுற்றிக் கசியும் பாலையெல்லாம் ஒரே மங்கில் கொண்டுவந்து சேர்ப்பதுபோல, பள்ளத்தாக்கு அந்தப் பரப்பு முழுவதன் மழையையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருகிறது. அங்கே 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் மொத்தம் 50 கோடி லிட்டர். அதில் பாதியை மண்ணும் மரங்களும் குடித்துவிட்டு, மீதிப் பாதி இரண்டு மணி நேரத்தில் ஓடைக்கு வந்தாலும் வினாடிக்கு ஏறத்தாழ 35,000 லிட்டர் ஆகிறது. மழையில்லா நாளில் அதே ஓடையில் ஓடுவது வினாடிக்குச் சில நூறு லிட்டர்தான்.

அது ஏன் கொஞ்சம் கொஞ்சமாக உயராமல் சுவராக வருகிறது? ஆழமான தண்ணீர், ஆழம் குறைந்த தண்ணீரைவிட வேகமாக ஓடும். அடியில் உள்ள கற்களின் உராய்வு அதை அவ்வளவாகப் பிடித்து நிறுத்துவதில்லை. முதலில் புறப்பட்ட மெல்லிய நீரைப் பின்னால் புறப்பட்ட கனத்த நீர் துரத்திப் பிடிக்கிறது. பிடித்து, அதன் முதுகில் ஏறி, மறுபடியும் துரத்துகிறது. இப்படியே முனை செங்குத்தாகிக்கொண்டே வரும். வழியில் விழுந்துகிடக்கும் மரங்கள் சேர்ந்து சிறு அணைபோல் அடைத்துக்கொண்டிருந்தால், அது உடையும் கணத்தில் வேகம் இன்னும் கூடும். ஐந்து கிலோமீட்டர் மேலே பெய்த மழை, வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் வந்தால், நம்மை அடைய அரைமணி நேரம் சொச்சம். மேலே மேகம் கறுத்ததிலிருந்து நமக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஓடும் தண்ணீரின் பலத்தைப் பலரும் ஆழத்தை வைத்து எடைபோடுகிறார்கள். வேகம்தான் கணக்கு. வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பெரியவர் ஒருவர் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறார். நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் கால்களில் விழும் தள்ளு சுமார் ஆறு கிலோ எடைக்குச் சமம், தாங்கிக்கொள்ளலாம். இரண்டு மீட்டரானால் 24 கிலோ. மூன்று மீட்டரானால் ஐம்பதைத் தாண்டும். யாராலும் நிற்க முடியாது. அவ்வளவுக்கும் தண்ணீர் இன்னும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. கற்களின் கணக்கு இதைவிட வியப்பு. வேகம் இரு மடங்கானால், ஆறு உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது. நேற்றுவரை மணலை நகர்த்திக்கொண்டிருந்த ஓடை இன்று பாறையை உருட்டுவது இதனால்தான். பேராக் இதை மறக்க முடியாது. 1996 ஆகஸ்ட் 29 அன்று கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில் மரக்கட்டையும் சேறும் பாறையுமாக இறங்கிய வெள்ளம் ஓராங் அஸ்லி பூர்வகுடிகளின் கிராமத்தை அடித்துச் சென்றது. 44 உயிர்கள் போயின.

ஆறு தன் பழைய உயரத்தைக் கரையிலேயே எழுதி வைத்திருக்கிறது. கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போது முதலில் கரையோரச் செடிகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கிளைகளின் இடுக்கில் காய்ந்த இலையும் நாரும் பிளாஸ்டிக் பையின் கிழிசலும் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே பக்கமாக, நீரோட்டத்தின் திசையில் வளைந்திருக்கும். அந்தக் கிழிசல் உங்கள் தோள் உயரத்தில் இருந்தால், ஆறு ஒருநாள் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது. பாறையில் பாசி எங்கே தொடங்குகிறது என்றும் பாருங்கள். அதற்குக் கீழே உள்ள பகுதியை அடிக்கடி வரும் வெள்ளம் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. சமமான, மெத்தென்ற மணல்திட்டு கூடாரத்துக்கென்றே விரித்ததுபோல் தெரியும். அந்த மணலை அங்கே கொண்டுவந்து பரப்பியது வெள்ளம். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் அங்கே படுக்கக் கூடாது.

குளிக்கும்போது தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது அதைப் பார்க்கட்டும். தெளிந்த நீர் பால்தேநீர் நிறத்துக்கு மாறினால், இலைகளும் சுள்ளிகளும் கூட்டமாக மிதந்து வந்தால், மேலேயிருந்து தொடர்ந்த உறுமல் கேட்டால், செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறி மேட்டுக்குப் போக வேண்டும். புறப்படும் முன் வீட்டிலிருந்தே பார்க்கவும் வழி இருக்கிறது. மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் ஆற்றுமட்டமும் மழையளவும் நிலையம் வாரியாக வருகின்றன. வானிலை ஆய்வுத் துறையின் ‘மைச்சுவாச்சா’ செயலியில் இடிமழை எச்சரிக்கை வரும். கைப்பேசியில் இவ்வளவும் கிடைக்கும்போது பார்க்காமல் போவதற்கு நியாயமே இல்லை.

ஆற்றை விட்டு விலகினால் போதுமா? மலைச்சரிவின் அடியில் போய் ஒண்டினால் அங்கே வேறொரு தண்ணீர் காத்திருக்கிறது. 2022 டிசம்பர் 16 அதிகாலையில், தஞ்சோங் மாலிமுக்குத் தெற்கே பத்தாங் காலியில், ஒரு முகாம் தளத்தின் மேல் மலைச்சரிவு சரிந்து விழுந்தது. பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு வந்து தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள். பல நாள்களாகப் பெய்து மண்ணில் ஊறிய மழை முக்கியக் காரணம் என்று விசாரணை சொன்னது. ஈர மண்ணில் துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றைப் பிடித்து வைக்கிறது. அளவோடு இருக்கும்வரை தண்ணீர்தான் பசை. மழை தொடர்ந்து, துளைகளெல்லாம் நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். நிரம்பிய நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கத் தொடங்கும். இதை நுண்துளை நீரழுத்தம் என்பார்கள். பெய்த நீர் ஆழத்துக்கு இறங்க நேரம் பிடிப்பதால், மழை விட்ட பிறகும் சரிவு விழலாம். எனவே அன்றைய வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. போன வாரம் முழுக்க எவ்வளவு பெய்தது என்றும் பார்க்க வேண்டும். சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் சேற்றுநீர் கண்ணில் பட்டால் அந்த இடமே வேண்டாம். உரிமம் பெற்ற தளமா என்று கேட்பதும், காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறையிடம் அனுமதி வாங்குவதும் இதற்காகத்தான். அப்படியே தலைக்கு மேலும் ஒருமுறை பாருங்கள்: பட்ட கிளை இருக்கக் கூடாது, டுரியான் காலமானால் டுரியான் மரமும் கூடாது.

இடம் அமைந்துவிட்டது. இரவில் மழை இல்லை. ஆனால் காலையில் கூடாரத்தின் உள்பக்கம் ஈரம். கூடாரம் ஒழுகுகிறது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த ஈரம் நம்முடையதுதான். தூங்கும் பெரியவர் ஒருவர் எட்டு மணி நேரத்தில் மூச்சாலும் தோலாலும் கால் லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக்குகிறார். ஐந்து பேர் குடும்பம் என்றால் விடிவதற்குள் ஒரு லிட்டர். வானம் தெளிவாக இருந்தால் கூடாரத்தின் மேல்துணி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஆவி அதில் பட்டு முத்து முத்தாகத் திரள்கிறது. பக்கத்தில் போய்ப் பார்த்தால், ஒரு துளி அசையாமல் தொங்கிக்கொண்டே இருக்கும்; பக்கத்துத் துளியோடு சேர்ந்து கனம் கூடியதும் சட்டென்று துணியின் சரிவில் வழிந்து ஓடும்.

இதற்குக் கூடாரம் செய்பவர்கள் கண்ட தீர்வு அழகானது. துணி இரண்டு அடுக்கு. உள்துணி காற்றும் ஆவியும் புகும் மெல்லிய வலை. வெளித்துணி நீர் புகாதது. ஆவி உள்துணியைத் தாண்டிப் போய் வெளித்துணியில் துளியாகிறது; வழிந்து கூடாரத்துக்கு வெளியே விழுகிறது. இரண்டு துணியும் ஒட்டிக்கொண்டால் இந்த ஏற்பாடு முழுவதும் வீண். வெளித்துணியின் கயிறுகளை இழுத்துக் கட்டச் சொல்வது இந்த இடைவெளிக்காகவே. மழைக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைத்து வைப்பவர்கள்தான் அதிகம் நனைகிறார்கள்.

கூடாரப் பையில் 3,000 மில்லிமீட்டர் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்தத் துணியின்மேல் மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று அதற்குப் பொருள். மழைத்துளிக்கு அது தாராளம். தரைத்துணிக்குப் போதுமா? ஒருவர் முழங்காலிட்டால் 30 கிலோ எடை அறுபது சதுர சென்டிமீட்டரில் விழுகிறது. அது ஐந்து மீட்டர் தண்ணீரின் அழுத்தம். அடியில் ஈர மண் இருந்தால் முழங்கால் பட்ட இடத்தில் மட்டும் வட்டமாக ஈரம் கிளம்புவது அதனால்தான். கீழே ஒரு தார்ப்பாய் விரித்தால் பிரச்சினை தீரும். ஆனால் அதன் ஓரம் கூடாரத்துக்கு வெளியே ஓர் அங்குலமும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைநீரைப் பிடித்து நமக்கு அடியிலேயே தேக்கிவிடும்.

சமையல் பக்கம் வருவோம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குகிறது. உருகிய அந்த நீர் 30 டிகிரிக்குச் சூடாக மேலும் 125 கிலோஜூல்தான் வேண்டும். ஆக, குளிர்ச்சியின் பெரும்பங்கு உருகுவதில் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள சாதாரண ஃபோம் பெட்டியில் ஐந்து கிலோ ஐஸ் நம் ஊர் வெக்கைக்கு அரைநாள் சொச்சம் தாங்கும். ஆனால் வெக்கையைவிடப் பெரிய எதிரியைப் பெட்டிக்குள் நாமே வைக்கிறோம். ஒன்றரை லிட்டர் பானத்தை வெதுவெதுப்பாக உள்ளே வைத்தால், அந்த ஒரு போத்தலைக் குளிரவைக்கவே அரை கிலோவுக்கு மேல் ஐஸ் கரைந்துவிடும். எல்லாவற்றையும் முந்தின நாளே வீட்டு ஐஸ்பெட்டியில் குளிரவைத்தால் பாதி வேலை முடிந்தது. மசாலா தடவிய கோழியை உறையவைத்துக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. கோழியின் எடையில் பெரும்பங்கு தண்ணீர். உறைந்த கோழியே பாதி ஐஸ்கட்டிதான். பகல் முழுக்கப் பெட்டியைக் குளிர வைத்து, சாயங்காலம் சமையலுக்கும் தயாராகிவிடும்.

அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பாக்டீரியா செழிக்கும். சாதகமான வெப்பத்தில் சில வகைகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நான்கு மணி நேரத்தில் பன்னிரண்டு இரட்டிப்பு; ஒன்று 4,096 ஆகிவிடும். காலையில் வடித்த சோறு சாயங்காலம்வரை காருக்குள் கிடந்தால் இந்தக் கணக்கு நம் வயிற்றில் முடியும். ஓடைநீர் எவ்வளவு தெளிந்திருந்தாலும் எலிச்சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரா கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்த நீரைத்தான் குடிக்க வேண்டும். காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்காமல் இருப்பது மேல்.

மழைக்காட்டில் பொறுக்கிய விறகு ஏன் புகைந்துகொண்டே இருக்கிறது? மரம் நேரடியாக எரிவதில்லை. சுமார் 250 டிகிரிக்கு மேல் சூடானால் அதிலிருந்து வாயு கிளம்பும். அந்த வாயுதான் தீப்பிடிக்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை விறகு 100 டிகிரியைத் தாண்டாது. கொடுக்கும் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே போய்விடும். தீப்பிடிக்காமல் தப்பிய எரிபொருள்தான் நம் கண்ணை எரிக்கும் புகை. தேநீருக்கும் இரவுச் சமையலுக்கும் ஒரு சிறு கேஸ் அடுப்பு இருக்கட்டும். கோழி சுட, வீட்டிலிருந்து கொண்டுபோன கரி போதும்.

ஈரம் இருக்கும் இடத்தில் அட்டையும் இருக்கும். இலை நுனியில் ஒற்றைக் காலில் நிற்பதுபோல் நின்று, முன்னுடலைக் காற்றில் ஆட்டி ஆட்டித் தேடும். நம் நடையின் அதிர்வும் மூச்சும் உடற்சூடும் அதற்குத் தெரிந்துவிடுகின்றன. கடித்ததும் இரத்தம் உறையாமலிருக்கும் பொருளை உமிழ்நீரில் கலந்து விடுவதால், அட்டை விழுந்த பிறகும் காயம் கசியும். அது குடித்த இரத்தத்தில் மரபணு பல வாரங்கள் கெடாமல் இருக்கிறது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வியட்நாம் காட்டில் பிடித்த அட்டைகளின் வயிற்றிலிருந்தே அங்கே வாழும் அரிய வரிமுயலைக் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் அலறல் பாதியாகக் குறையும். அட்டையைப் பிய்க்கவோ சுடவோ வேண்டாம். மெல்லிய முனையின் அடியில் நகத்தைச் செருகி வழித்துவிட்டால் போதும்.

கொசுவை அட்டையைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டும். குரங்குகளிடம் இருக்கும் ‘நோலசி’ வகை மலேரியா இயற்கையாகவே மனிதருக்குத் தொற்றும் என்பது 1965இல் பகாங் காட்டில் வேலை செய்து திரும்பிய ஓர் அமெரிக்கரிடம்தான் முதலில் தெரியவந்தது. 2018 முதல் உள்நாட்டில் மனித மலேரியாத் தொற்று பதிவாகாத மலேசியாவில், இந்தக் குரங்கு மலேரியா மட்டும் இன்னும் இருக்கிறது. இதைப் பரப்பும் கொசுக்கள் பொழுது சாயும்போது கிளம்பும். ஆறு மணிக்கே நீளக்கைச் சட்டை, கால்சட்டை, கொசுவிரட்டி எல்லாம் உடம்பில் ஏறியிருக்க வேண்டும். ஊர் திரும்பிச் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டில் தங்கினோம் என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

திரும்பும் நாளிலும் அதே மேகங்கள் அதே நேரத்துக்குத் திரளும். மதியத்துக்குள் கட்டிக் கிளம்பிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் களைப்பில் கூடாரத்தைப் பையோடு மூலையில் போடத் தோன்றும். நீர் புகாமல் காக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் கிடந்தால் தண்ணீரே அதன் வேதிப் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். பூச்சு பிசுபிசுத்து, நாற்றமடித்து, கடைசியில் தோல்போல் உரியும். வீட்டுத் தாழ்வாரத்தில் துணிக்கொடி இருந்தால் அன்றைக்கே விரித்துப் போடுங்கள். வெயில்கூட வேண்டாம், காற்றுப் போதும். தையல் மடிப்புகளை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள்; கடைசியாகக் காய்வது அந்த இடம்தான்.